"எந்தப் போன் வாங்கலாம், மிஸ்?"



தோட்டங்களுக்குப் போகும் நாட்களில் இந்தக் கேள்வி காதில் விழாமல் நான் பதுளைக்குத் திரும்பியதில்லை. சென்ற மாதம் கேட்டவர் பசறைப் பக்கம் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. 1977 கலவரத்தோடு வன்னிக்குப் போன குடும்பம். 2009 இல் கணவரை இழந்து, சித்தியின் லயத்துக்கே திரும்பி வந்தவர். மகளைக் கிளிநொச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகன் பள்ளிக்கூடம் போகிறான்.

அவருடைய பழைய போனின் பெட்டரி உப்பி, பின்மூடி எழும்பி நின்றது. அப்படியான போனைச் சார்ஜில் போடவே கூடாது, தீப்பிடிக்கும். ஆனால் கணவரின் ஒரே படம் அதற்குள்தான் இருந்தது. அதனால் முதலில் படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் கடைப்பேச்சை எடுத்தோம்.

உறவுக்காரப் பையன் ஒருவன் 81,000 ரூபாய் போனைத் தவணைக்கு எடுக்கச் சொல்லியிருந்தான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்குப்படி அது அறுபது நாள் கொழுந்து, வட்டி வேறு. நுண்கடனில் பட்டது போதாதா?

"உங்களுக்குப் போன் எதுக்கு அக்கா?" என்று கேட்டேன். மகளின் முகத்தைப் பார்த்துப் பேச, மகனின் பாடங்களுக்கு, அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸைக் கூப்பிட. இவ்வளவுதான். இதற்கு நான்கு கெமராவும் வேண்டாம், கண்ணாடி முதுகும் வேண்டாம். பேச மட்டும்தான் என்றால் பட்டன் போனே போதும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எங்கள் மலைகளில் போனைவிட முதலில் பார்க்க வேண்டியது சிக்னல். 2021 இல், கொரோனாக் காலத்தில், போஹிதியாவ கிராமத்து ஆசிரியையும் பிள்ளைகளும் பாடத்துக்காக மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழி நடந்து பாறை உச்சிக்கு ஏறியதை உலகமே படத்தில் பார்த்தது. உங்கள் லயத்தில் எந்த சிம் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். இரண்டு சிம் போடக்கூடிய 4ஜி போன் நல்லது.

அடுத்தது பெட்டரி. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து மண் சரிந்தபோது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் கரண்ட் இல்லை. 5,000 எம்.ஏ.எச். என்று பெட்டியில் போட்டிருந்தால் அளவாகப் பாவித்து ஒன்றரை நாளாவது ஓட்டலாம். ரேம் 4 ஜி.பி.க்குக் குறைந்தால் போன் சீக்கிரம் திணறும். உள்ளிடம் 128 ஜி.பி. இருந்தால் பிள்ளைகளின் பாட வீடியோக்களுக்காகப் படங்களை அழிக்க வேண்டி வராது. கெமராவின் மெகாபிக்சல் எண்ணைக் கடைக்காரர் பெரிதாகச் சொல்வார், அதைக் கேட்டு மயங்காதீர்கள்.

காசு கொடுக்குமுன் *#06# என்று தட்டுங்கள். 15 இலக்க எண் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்தையும், இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பழைய போன் வாங்கினால், விற்பவரின் கூகுள் கணக்கை உங்கள் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு பூட்டிக்கொண்டு நிற்கும். மிகப் பழைய அண்ட்ரொய்டும் வேண்டாம். 2025 ஜனவரியில் 4.4 பதிப்புப் போன்களில் வட்ஸ்அப் நின்றுபோனது.

இன்னொன்று, தனியாக இருக்கும் பெண்களுக்காகச் சொல்கிறேன். ரீலோட் கடைக் கொப்பியில் எழுதிய நம்பர் யார் யாருக்கோ போய், இரவில் அழைப்பு வருவதாக என்னிடம் அழுதவர்கள் உண்டு. கார்ட் வாங்கி நீங்களே போடுங்கள். தொல்லை கொடுக்கும் நம்பரைத் தடை செய்யுங்கள், ஆனால் வந்த செய்திகளை அழிக்காதீர்கள், முறைப்பாட்டுக்கு உதவும். பெண்களுக்கான 1938 இலும் பேசலாம். போனுக்குப் பூட்டு எண் போட்டதற்கு, "ஏன், எங்களுக்குத் தெரியாம என்ன இருக்கு?" என்று மச்சான்மார் கேட்பார்கள். கேட்கட்டும்.

அக்கா கடைசியில் சீட்டுக்காசுக்குள் அடங்கும் ஒரு போனை பஸார் வீதியில் வாங்கினார். வரும் வழியில் ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று லயத்துச் சுவருக்கு. மற்றதை மகளுக்கென்று பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பசறை பஸ்ஸில் ஏறினார்.