வெள்ளை என்ன குற்றம் செய்தது?

நம் திசையன்விளையில் வெள்ளைத் துணி படும் பாட்டை அவரவர் அன்னையரைக் கேட்டால் தெரியும். தேரிக் காற்று ஒருமுறை வீசினால் போதும். சொட்டு நீலம் போட்டு அலசிய தாவணியில் செம்மண் ஏறிவிடும். அதற்காக என் அம்மா ஒரு நாளும் அதைத் தூக்கி எறிந்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் துவைப்பார். அவ்வளவுதான்.

கதைகளில் வரும் பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை கிடைப்பதில்லை?

ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டி 1891இல் வெளியிட்ட 'டெஸ்' நாவலின் தொடக்கத்தில் வெள்ளை உடையணிந்த பெண்கள் கூடி ஆடுகிறார்கள். நாயகி ஒருத்தியின் கூந்தலில் மட்டும் சிவப்பு ரிப்பன்! பிறகு அவள் வீட்டுக் குதிரை விபத்தில் குத்துண்டு சாகிறது. பீறிடும் இரத்தத்தைக் கையால் அடைக்கப் போனவள் மேலெல்லாம் சிவப்பு. வரப்போகும் கேட்டை ஆசிரியர் நிறத்தாலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ஆயினும் ஒருவனால் வஞ்சிக்கப்பட்ட அவளை, நூலின் துணைத்தலைப்பிலேயே 'தூய பெண்' என்று அழைத்தார். அக்காலத்தில் அதற்குக் கண்டனம் எழுந்தது.

நம் நாட்டிலோ சிவப்பு மங்கல நிறம். குங்குமத்தைப் பாருங்கள், கூறைப் புடவையைப் பாருங்கள். புதுநன்மை வாங்கும் சிறுமிக்கு நாம் உடுத்துவது வெள்ளை. கணவனை இழந்தவளுக்கு ஊர் உடுத்தியதும் அதே வெள்ளை. நிறத்துக்கென்று தனியாக ஒரு நீதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழைக்கு ஒதுங்கி நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். அழுது வந்து நின்ற மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, "நீ சுத்தமாகிவிட்டாய்" என்ற பொருளில் தேற்றுகிறாள். தண்ணீருக்கு நிறமே இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். அக்கதைக்கும் எதிர்ப்பு வந்தது. அந்தத் தாய் ஊரறியக் கதறியிருந்தால் மகள் கதி என்னவாகியிருக்கும்? அதே ஆசிரியர் அதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக எழுதினார். 1972இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது.

அந்தத் தாய் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அழுக்கே படாதவளை ஏன் கழுவ வேண்டும்? அவள் கழுவியது மகளின் அச்சத்தை என்று எண்ணிச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா நன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் யாருடனோ பேசினார் என்று ஒரு சொல் கிளம்பியது. அதோடு படிப்பு நின்றது. இப்போது வீட்டுக்குள் இருந்து பீடி சுற்றுகிறார். போன விடுமுறையில் அவருடைய அம்மாவிடம் அக்கினிப் பிரவேசக் கதையை வாய்மொழியாகச் சொன்னேன். இலையை நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. சற்று நேரம் கழித்துக் கேட்டார்:

"ஏட்டி, அவ யாருகிட்டயும் சொல்லலியா?"