பார்பிக்யூ கரிக்கு ஆள் தேடுகிறார்கள். மரத்தை விற்குமுன் யோசியுங்கள்

கிரில் சிக்கனும் பார்பிக்யூவும் ஊர் ஊராகப் பரவிவிட்டன. அந்த அடுப்புகளுக்கு மொத்தமாகக் கரி தேடுபவர்கள் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துச் சீமைக்கருவேலங் காடுகளுக்கும் வருகிறார்கள். இம்மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசும் கொள்கை வகுத்தது. உங்கள் காட்டில் நிற்பதையும் ஒருநாள் எடுத்தாக வேண்டும். அதற்காக, நின்ற மரத்தைக் குத்துமதிப்பாகப் பேசி விற்றுவிடாதீர்கள்.

நாலைந்து டன் விறகு வெந்தால்தான் ஒரு டன் கரி. ஓட்டல்காரர் கேட்பது ஈரமில்லாத, புகையாத கட்டிக் கரி. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அரைவேக்காட்டுக் கட்டை கலந்தால் இறைச்சியில் புகை வாடை ஏறும். அடுத்த லோடு கேட்க மாட்டார். ஆகவே பச்சை விறகை மூட்டத்தில் அடுக்காதீர்கள். பிரித்த கரியை உடனே மூட்டை கட்டவும் வேண்டாம். உள்ளே கனல் இருந்தால் லாரியே எரிந்துவிடும். ஒரு நாளாவது ஆறவிட்டு, சலித்துத் தூளைத் தனியே எடுங்கள்.

மாதாமாதம் லோடு கொடுப்பது தனி ஆளுக்கு முடியாத காரியம். நாலைந்து பேர் சேர்ந்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் வழியாகப் பேசுங்கள். எடையை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். கண்மாய், புறம்போக்கு மரங்களை ஏலம் எடுக்காமல் தொடாதீர்கள். வெட்டிய கையோடு தூரையும் தோண்டிவிடுங்கள். விட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்.