உசிரோட இருக்கியான்னு கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்குங்க

டிஸ்கி: இது பொட்டி தட்டுற சங்கதி. சினிமா விமர்சனம் தேடி வந்தவங்க அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்கங்க :-)

லோட் பேலன்சர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும். கூட்டமான ஓட்டல்ல வாசல்ல ஒருத்தர் நின்னு, "நீங்க அந்த டேபிள், நீங்க மாடிக்குப் போங்க"ன்னு பிரிச்சு விடுவார் இல்லையா, அவர்தான் அது. உள்ளே இருக்குறவங்க சர்வர்கள் (பேரு எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு பாருங்க). வாசல்ல நிக்கிறவர் அப்பப்போ ஒவ்வொரு சர்வரையும் பார்த்து "இருக்கியாப்பா?"ன்னு குரல் கொடுப்பார். பதில் வரலைன்னா அந்தப் பக்கம் ஆள் அனுப்ப மாட்டார். இதுதான் ஹெல்த் செக். அமேசானோட நெட்வொர்க் லோட் பேலன்சர்ல நாம எதையும் மாத்தாம விட்டா 30 விநாடிக்கு ஒரு தடவை கேக்கும். தொடர்ந்து 2 தடவை பதில் இல்லைன்னா அந்த சர்வர் வரிசையில இருந்து அவுட்.

இந்த 30-ஐ 10 ஆக்கணும், 5 ஆக்கணும்னு எங்க ஆபீஸ்ல ஒரு கட்சி எப்பவும் கொடி பிடிக்கும். சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் வெளியே தள்ளு, அதான் அவங்க கொள்கை. நான் எதிர்க்கட்சி. காரணத்தைச் சொல்ல உங்களை எங்க ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போகணும்.

ஆலங்காயத்துல இருந்து ஜவ்வாது மலை ஏறினா காவலூர் வரும், அதையும் தாண்டிப் போனா ஜமுனாமரத்தூர். போன லீவுல மேலே போயிருந்தப்ப, மலையில ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரு பொண்ணு காலேஜ் விண்ணப்பத்துக்கு சான்றிதழ் ஸ்கேன்களை ஏத்திக்கிட்டிருந்தது. கூட அவங்க அப்பா. செல்போனை ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டு அதுல இருந்துதான் இண்டர்நெட். அந்த நீலக்கோடு நகர்றதை கடைக்காரரும் அப்பாவும் நானும் மூச்சுப் பிடிச்சுப் பார்த்துட்டு இருந்தோம். முக்கால்வாசி போயி அறுந்துச்சு. மறுபடி முதல்ல இருந்து. நாலாவது தடவைதான் ஏறுச்சு. "கடைசி பஸ் போயிடும்பா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டே இருந்தது.

அன்னிக்கு அறுந்தது ஹெல்த் செக்காலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். டவரா இருக்கலாம், என்ன வேணா இருக்கலாம். ஆனா நம்ம கையில இருக்குற ஒரு காரணத்தைச் சொல்றேன். ஒரு சர்வருக்கு உடம்பு சரியில்லைன்னு முடிவானதும், இந்த நெட்வொர்க் லோட் பேலன்சர் அதுக்குப் புதுசா ஆள் அனுப்பாம மட்டும் இருக்காது. ஏற்கனவே அதோட பேசிட்டு இருக்குற இணைப்புகளையும் வெட்டிடும். மாத்தாம விட்டா அதுதான் இயல்பு. சென்னையில ஃபைபர்ல உக்காந்திருக்குறவனுக்கு இது தெரியவே தெரியாது, அரை விநாடியில மறுபடி இணைஞ்சுடும். மலையில இருபது நிமிஷமா ஒரு ஃபைலைத் தள்ளிட்டு இருக்குறவங்களுக்கு, முதல்ல இருந்து. தப்பான எச்சரிக்கைக்கு அபராதம் கட்டுறது டேட்டா சென்டருக்கு ரொம்பத் தூரத்துல இருக்குறவங்க. ஆனா அந்த "இருக்கியாப்பா?" கேள்வி கேக்கப்படுறதோ டேட்டா சென்டருக்குள்ளேயே. இவங்க கதை அதுக்கு எப்படித் தெரியும்?

காவலூர்ல 1986-ல இருந்து 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கு. மேகம் வந்தா அன்னிக்கு வேலை கெட்டுச்சு, அவ்வளவுதான். நட்சத்திரம் செத்துப் போச்சுன்னு யாரும் எழுதி வைக்கிறதில்லை. நாம மட்டும்தான் பதில் கேக்கலைன்னதும் பாடை கட்டுறோம்.

மிகைப்படுத்துறேன்னு தோணுதா? 2025 அக்டோபர் 20, தீபாவளி அன்னிக்கு மத்தியானம் அமேசானோட வடக்கு வர்ஜீனியா டேட்டா சென்டர்கள் படுத்துக்கிச்சே, ஞாபகம் இருக்கா? ஸ்னாப்சாட், சிக்னல் எல்லாம் தகராறு பண்ணுச்சு. ஆரம்பம் டைனமோடிபியோட டிஎன்எஸ் கோளாறு. அது நம்ம நேரப்படி மூணு மணி வாக்குல சரியாயிடுச்சு. ஆனா சாயந்திரம் ஆறு மணிக்கு மேல லோட் பேலன்சர்கள் தடுமாற ஆரம்பிச்சது. புதுசா வந்த மெஷின்களுக்கு நெட்வொர்க் விவரம் முழுசாப் போய்ச் சேரலை. மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆனா செக் ஒரு தடவை ஃபெயில், ஒரு தடவை பாஸ். தூக்கு, சேர், தூக்கு, சேர்னு ஆடின ஆட்டத்துல ஹெல்த் செக் பண்ற அமைப்புக்கே மூச்சு வாங்கிடுச்சு. ராத்திரி பத்து மணிக்கு இன்ஜினியர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? ஹெல்த் செக் பார்த்துத் தானா இடம் மாத்துற ஏற்பாட்டையே நிறுத்தி வச்சாங்க. நல்லா இருந்ததெல்லாம் திரும்ப வேலைக்கு வந்துச்சு. இனிமே ஒரு லோட் பேலன்சர் ஒரே சமயத்துல இவ்வளவுதான் கழட்டி விடலாம்னு கட்டுப்பாடு கொண்டு வரப் போறோம்னு அவங்களே அப்புறம் அறிக்கையில எழுதினாங்க. அமேசானுக்கே இந்த கதின்னா நாம எம்மாத்திரம்!

எதிர்க்கட்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மறுக்கலை. நாலு சர்வர்ல ஒண்ணு நிஜமாவே செத்துட்டா, அதைத் தூக்குற வரைக்கும் நாலுல ஒருத்தர் சுவத்துல முட்டிக்குவார். அதுவும் மலைக்காரரா இருக்கலாம். அதனால செக்கே வேண்டாம்னு நான் சொல்லலை. புது ஆள் அனுப்புறதை உடனே நிறுத்து, பழைய இணைப்பை வெட்டாதேன்னுதான் சொல்றேன். அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, ஒரே ஒரு டிக் எடுக்கணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. ஹெல்த் செக்குக்குள்ள டேட்டாபேஸ் கேள்வியைத் திணிக்கிற பழக்கம். டேட்டாபேஸ் லேசா இருமினாலும் பத்து சர்வரும் ஒரே நேரத்துல "நான் அவுட்"ங்கும். பத்தும் போனா பரவாயில்லை, எல்லாருக்கும் அனுப்புன்னு லோட் பேலன்சர் கதவைத் திறந்து விட்டுடும். ஒம்போது போயி ஒண்ணு தப்பிச்சுதுன்னா? அந்த ஒண்ணு தலையில மொத்த பாரமும் ஏறி அதுவும் போகும். குறைஞ்சது எத்தனை சர்வர் இருக்கணும்ங்கிற எண்ணிக்கை இயல்பா 1-னு இருக்கு. அதைப் பாதியாவது ஆக்கி வைங்கன்னு ரெண்டு மாசமா கத்திட்டு இருக்கேன். அடுத்த வாரம் மீட்டிங்ல திரும்ப வருது.

உங்க ஆபீஸ்ல இந்த நம்பர் எல்லாம் என்னவா இருக்கு? ஆணி புடுங்குற மக்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க, மீட்டிங்ல சண்டை போட உதவும்.