மீன் யாருடைய கண்டத்தையும் வாங்கிக்கொள்வதில்லை

ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரிப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளில் வாசலோரம் ஒரு சிமென்டுத் தொட்டி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் தங்கமீன் விடுகிறார்கள். பத்திருபது நாளில் ஒன்று செத்து மிதந்தால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "ஊட்டுக்கு வந்த கண்டத்த மீனு வாங்கிக்கிச்சு, உடு" என்று பெரியவர்கள் சொல்ல, மறுநாள் கடையிலிருந்து இன்னொன்று வந்துவிடுகிறது. அழுகிற பிள்ளையைத் தேற்றுவதற்கு அந்தச் சொல் உதவலாம். ஆனால் அது பொய். ஒரு உயிர் எதனால் செத்தது என்று கேட்கவிடாமல் செய்கிற பொய் என்பதால், அடுத்து வரும் மீனையும் அதுதான் கொல்கிறது.

வாஸ்துக்காரர்கள் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது மீன் வேண்டும், எட்டு பொன்னிறம், ஒன்று கறுப்பு. திருஷ்டியை வாங்குவது கறுப்பின் வேலையாம். கடைகளில் அதற்காகப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது பிளாக் மூர் என்ற வகை. கண் இரண்டும் பிதுங்கி வெளியே நிற்கும்படி மனிதர்கள் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்த மீன் அது. அதற்குப் பார்வை மங்கல், நீச்சலும் மெதுவு. தீனி போட்டால் மற்றவை தின்று தீர்த்த பிறகுதான் வந்து சேரும். கரடுமுரடான கல்லில் உரசிக் கண்ணைப் புண்ணாக்கிக்கொள்ளும். கரையில் கொக்கு நின்றாலும் எளிதில் தெரியாது. கூட்டத்திலேயே வலுக்குறைந்ததைப் பொறுக்கி அதன் தலையில் குடும்பத்தின் கண்டத்தை ஏற்றி வைத்தால், முதலில் சாவது அதுவாகத்தானே இருக்கும்? அதைப் பார்த்துவிட்டுப் பலித்தது என்கிறார்கள்.

காலக்கணக்கும் அப்படித்தான் பொருந்திப்போகிறது. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா நஞ்சு. அதை மாற்றிக் கேடில்லாததாக ஆக்கும் நுண்ணுயிர்கள் ஒரு தொட்டியில் போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடக்கூட, வெயில் ஏற ஏற, அதே அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். சேலத்துச் சித்திரை வெயிலில் கிரகப்பிரவேசம் முடித்து, அன்றைக்கே நீர் நிரப்பி, அன்றைக்கே ஒன்பது மீனை விட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. புதுவீட்டுக் கண்ணேறு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு புதுத்தொட்டியின் நோய்.

இவை கூட ஓரளவு வெளியே தெரிகிற காரணங்கள். யாருமே கணக்கில் எடுக்காதது பயம்.

மீனுக்கு இமை கிடையாது. நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வானம் முழுவதும், ஏறத்தாழ 97 பாகை அகலத்தில், ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரியும். அந்தச் சாளரத்தில் எந்த நிழல் விழுந்தாலும் மீனின் உடம்பு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் முன்பாக வில்லாக வளைந்து பாய்ந்துவிடும். தங்கமீனின் மூதாதை சாம்பலும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். மேலிருந்து பார்க்கும் பறவைக்குச் சேறும் அதுவும் ஒன்றுபோல இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் அதைப் பொன்னிறத்துக்கு மாற்றினார்கள். இப்போது அதன் மேல் மறைப்பே இல்லாத நிறம். அதை வழுவழுப்பான ஓரடி ஆழத் தொட்டியில், ஒரு செடியும் கல்லும் இல்லாமல் விடுகிறோம். சரபங்கா ஆற்றோரத்திலும் ஏரிகளிலும் மடையான் குறைவில்லாத ஊர் இது. வயலில் இரை கிடைக்காத நாளில் அது மதில்மேல் வந்து உட்காரும். மீன்கொத்திக்கு மின்கம்பியே போதும். பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"மீனுக்கு என்னங்க தெரியும், மூணு நொடியில மறந்துரும்" என்பார்கள். 1938இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் காயம்பட்ட ஒரு சிறு மீனை அதன் கூட்டத்துக்குள் விட்டபோது மற்றவை மிரண்டு சிதறியதைக் கவனித்தார். கிழிந்த தோலிலிருந்து கரையும் ஒரு பொருள்தான் எச்சரிக்கை என்று கண்டுபிடித்தார். தேனீக்களின் நடனத்தைப் படித்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் பார்த்த மீனும் நம் தங்கமீனும் கெண்டை வகையைச் சேர்ந்தவை. ஆக, கொக்கு ஒரு மீனைக் கொத்தித் தூக்கியபின் மிச்சமிருக்கும் எட்டும் அந்தத் தண்ணீரிலேயே அச்சத்தை நுகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கலம் பிரவுன் என்ற ஆய்வாளர் வானவில் மீன்களை, இழுத்துவரும் வலையிலுள்ள ஓட்டை வழியாகத் தப்பிக்கப் பழக்கினார். பதினொரு மாதம் கழித்து அதே வலையைக் காட்டியபோது அவை வழியை மறந்திருக்கவில்லை. 2001இல் வெளியான ஆய்வு இது.

பயத்தைக் கற்கிற மீன் நம்பிக்கையையும் கற்கும். சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் மஹசீர் மீன்கள் பக்தர்கள் போடும் பொரிக்காகக் காலடியில் முண்டியடிக்கின்றன. அங்கே மீன்பிடிக்கத் தடை. யாரும் அடிப்பதில்லை என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

பயந்த மீன் அடியிலேயே கிடக்கும், தின்னாது. நாள்கணக்கில் அப்படியிருந்தால் நோயைத் தாங்கும் வலு குறைந்து வெண்புள்ளியும் பூஞ்சையும் பிடிக்கும். சில மீன்கள் இரவில் துள்ளி வெளியே விழுந்து காலையில் காய்ந்து கிடக்கும். வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "மீனு கண்ணுலயே தெம்பட மாட்டேங்குதே" என்று இருந்த ஒரு செடியையும் பிடுங்கிப் போடுகிறார். செடி இருந்தால் பாம்பு வரும் என்பது கூடுதல் காரணம். தண்ணீர்ப்பாம்பு தேடி வருவது தவளையையும் மீனையும், செடியை அல்ல. வெறுந்தொட்டிக்கும் வரும். அதற்கு நஞ்சும் கிடையாது. ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து வெளியே வரும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பழைய அனுபவம்.

செய்ய வேண்டியது செலவு பிடிக்கிற காரியமல்ல. தொட்டி மூன்றடி ஆழம் இருக்கட்டும். சுவர் சரிவாக இல்லாமல் நேராக இறங்கினால் மடையான் கால்வைத்து நிற்க இடமிருக்காது. புதுச் சிமென்டாக இருந்தால் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றிய பிறகே மீன் விட வேண்டும். நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலை மூடட்டும். ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம், குளத்தையே விழுங்கிவிடும். அடியில் நாலங்குலக் குழாய்த் துண்டு, ஓரம் தேய்த்த உடைந்த பானை, இரண்டு மூன்று இடத்தில். தனி மீனாக வளர்க்கக் கூடாது, கூட்டத்தில்தான் அதற்குத் தைரியம் வரும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தீனி போட்டுச் சிறிது நேரம் அசையாமல் நின்றால் சில வாரங்களில் ஆள் பழகும். மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்தினால் பாம்பும் பறவையும் சிக்கிச் சாகும். வலை வேண்டுமென்றால் தடித்த இழையில், இழுத்துக் கட்டி, நீருக்கு ஓரடி மேலே போட வேண்டும். கவண்கல்லை எடுப்பவர்களுக்கு ஒன்று: மடையானும் மீன்கொத்தியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவை பசிக்கு வருகின்றன, மறைப்பில்லாமல் இரையைப் பரப்பி வைத்தது நாம்.

மீன் கடைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒன்பது மீனையும் ஒரு தீனி டப்பாவையும் கொடுத்து அனுப்பும்போது தொட்டி எப்போது கட்டியது, எவ்வளவு ஆழம், ஒளிய இடம் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்கலாம். தொட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் முதலில் இரண்டே மீனைக் கொடுத்து, மற்றதற்கு அடுத்த மாதம் வரச் சொல்லலாம். செத்த மீனுக்குப் பதில் மீன் கேட்டு வருகிறவரிடம் அடுத்த பையைக் கட்டுவதற்கு முன் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, அம்மோனியா பார்த்துச் சொல்லலாம்.