பயிற்சியாளர் மட்டும்தானா குற்றவாளி?

இந்தியக் கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம் பயிற்சியாளரை நீக்கு என்ற குரல் எழுகிறது. ஓய்வுக்காலத்தைக் கொல்லிமலையில் கழிக்கும் நான், செம்மேட்டுத் தேநீர்க் கடையிலும் அதைக் கேட்கிறேன். இளைஞர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. அது ஆள்பார்த்துப் பாய்கிறது என்பதே என் மனக்குறை.

2023இல் தெற்காசிய சாஃப் கோப்பையை வென்றபோது இகோர் ஸ்டிமாச் கொண்டாடப்பட்டார். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் அணி தோற்றதும், அவரே ஒன்றும் அறியாதவர் ஆனார். சொந்த மண்ணில் குவைத்தை வென்றதையும், அயல்மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படிச் சரியாகும்? இங்கே ஓர் ஆண்டு மிளகு குறைவாகக் காய்த்தால் யாரும் கொடியை வெட்டுவதில்லை. அந்த ஆண்டின் மழையைத்தான் முதலில் கேட்பார்கள்.

2024 ஜூன் 11, தோஹா. கத்தாருக்கு எதிராக இந்தியா 1-0 என முன்னிலையில் இருந்தது. 73ஆவது நிமிடத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே இழுத்து அடித்ததை நடுவர் கோலாக ஏற்றார். ஆட்டம் 2-1 எனக் கைநழுவியது. முன்னிலை நீடித்திருந்தால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு இந்தியா முதன்முறையாகச் சென்றிருக்கும். அதே பயிற்சியாளர், அதே வியூகம், அதே குறைகள். ஆனால் ஆறே நாட்களில் அவர் பதவி பறிபோயிருக்குமா? முடிவைக் கொண்டு முடிவெடுத்தவரை எடைபோடும் இப்போக்கைப் பொருளியலாளர்கள் விளைவுச் சாய்வு என்பர். ஸ்டிமாச் குறையற்றவர் என்பதல்ல. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதற்கு அவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

சுனில் சேத்ரி விஷயத்தில் சாய்வு வேறு பக்கம். அந்தக் குவாஹாட்டி ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் அவருடைய பெனால்டிதான். ஜூனில் கொல்கத்தாவில் அவர் விடைபெற்ற ஆட்டமோ கோலின்றி முடிந்தது. அவர்மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் 39 வயது வீரருக்கு மாற்று ஏன் உருவாகவில்லை என்ற கேள்வி பாசத்தில் அமுங்கிவிட்டது. விளைவு, 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவரையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

ஸ்டிமாச்சுக்குப் பின் மனோலோ மார்க்கேஸ் வந்தார். ஹாங்காங்கிடம் தோற்றபின் விலகினார். பிறகு காலித் ஜமீல். 2025 அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பும் போயிற்று. மூன்று பயிற்சியாளர்கள் மாறியும் கோல் வறட்சி மாறவில்லை என்றால், காரணத்தை வேறிடத்தில் தேடுவதே முறை. ஐ.எஸ்.எல். விதிப்படி ஓர் அணி நான்கு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம்; கோலடிக்கும் மைய முன்கள இடத்தைக் கிளப்புகள் பெரும்பாலும் அவர்களுக்கே தருகின்றன. பிறகு அந்த இடத்தில் ஆடிப் பழகிய இந்தியரை நாட்டின் அணி எங்கே தேடும்? இக்கேள்வியைக் கிளப் உரிமையாளர்களிடம் ரசிகர்கள் கேட்டு நான் பார்த்தது அபூர்வம். அரங்கில் அவர்கள் கைதட்டுவதும் அந்த வெளிநாட்டவர் அடிக்கும் கோல்களுக்குத்தானே!