ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் சார்!

தலைப்புல இருக்கற வசனத்தை வாழ்க்கையில ஒரு தடவையாவது கேட்காதவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க, உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கறேன். எங்க வீட்டுல 2025-ல மட்டும் இந்த வசனம் மூணு தடவை சொல்லப்பட்டது. ரெண்டு தடவை நடந்தும் போச்சு. அதுல போனது என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

கோவில்பட்டியில அப்பாகிட்ட ஒரு பொட்டி இருக்கு. 2017-ல அசெம்பிள் பண்ணினது. ஐ3 ஏழாம் தலைமுறை ப்ராசஸர், 4 ஜிபி ராம். தாலுகா ஆபீஸ்ல 31 வருஷம் குப்பை கொட்டிட்டு ரிடையர் ஆனவர். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அந்தக் கை சும்மா இருக்குமா? எங்க தாத்தா 1958-ல இருந்து எழுதி வச்ச டைரிகளை ஒவ்வொண்ணா எடுத்து டைப் அடிச்சிட்டு இருந்தார். பெரிய இலக்கியம் எல்லாம் இல்லீங்க. இன்னிக்கு மழை, இன்னிக்கு மழை இல்ல, பருத்தி என்ன விலைக்குப் போச்சு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், இவ்வளவுதான். கரிசக்காட்டு மனுஷன் வேற என்ன எழுதுவார்?

பொட்டி மெதுவா இருக்குன்னு அப்பா சொன்னதால 2025 பொங்கலுக்குப் போனப்போ நெட்ல ஒரு 8 ஜிபி ராம் வாங்கிட்டுப் போய் மாட்டினேன். பத்தே நிமிஷ வேலை. அப்புறம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

கொஞ்ச நாள்ல போன் வர ஆரம்பிச்சுது. "ஏய்யா, நீலக் கலர்ல ஸ்க்ரீன் வந்து தானா நின்னுபோகுது." நான் சொன்னது ஒரே பதில். "ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா." அடுத்த வாரம் அதே போன், அதே பதில். ஆபீஸ்ல ஒரு சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா லாக் எங்க, டம்ப் எங்க, கடைசியா என்ன மாத்தினீங்கன்னு பத்து பேரை எழுப்பிக் கேட்கறவன் நான். பெத்த அப்பா சொன்னா ரீஸ்டார்ட்டாம். இதுக்குப் பேருதான் ஆணி புடுங்கறது!

ஒரு கட்டத்துல அப்பா பொறுமை இழந்து லோக்கல் கடையில கொடுத்துட்டார். அவரு பார்த்தாரு, வசனத்தைச் சொன்னாரு, அடிச்சாரு. 'டி டிரைவைத் தொடலை சார், எல்லாம் பத்திரமா இருக்கு'ன்னு வேற சொல்லி அனுப்பியிருக்காரு. ஆனா அப்பா டைரியை டைப் அடிச்சு வச்சிருந்தது டெஸ்க்டாப்புல ஒரு ஃபோல்டர்ல. டெஸ்க்டாப் இருக்கறது சி டிரைவ்லன்னு அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தா? நானும் சொல்லலை. 140 பக்கம். ரெக்கவரி சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், அதே இடத்துல புது விண்டோஸ் உக்கார்ந்திருக்கு, ஒண்ணும் தேறலை.

அப்பா கத்தவே இல்லை. "பரவால்லய்யா, முதல்ல இருந்து அடிக்கேன்"னார். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, ஃபார்மட் அடிச்சதுல பொட்டி சரியாச்சான்னா, ரெண்டு வாரம் ஓடிச்சு. அப்புறம் அதே நீலம். ஜூலையில ரெண்டாவது ஃபார்மட். இந்தத் தடவை அப்பா உஷாரா எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்கிட்டார். மறுபடி ஒரு வாரம் சுகம், மறுபடி நீலம். அக்டோபர்ல மூணாவது தடவை அதே கடைக்காரர் ஒரு புதுக் காரணம் கண்டுபிடிச்சார்: "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு சார், அதான் க்ராஷ் ஆகுது. ஃபார்மட் அடிச்சுப் பார்ப்போம், கேக்கலைன்னா புதுப் பொட்டிதான்." மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட்டை நிறுத்தினது நிஜம். அப்பா பொட்டியில விண்டோஸ் 11 முறைப்படி ஏறாதுங்கறதும் நிஜம். ஆனா சப்போர்ட் முடிஞ்சா பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். பதினஞ்சாம் தேதி காலையில எல்லாப் பொட்டியும் வாயைப் பொளந்துடும்னு அர்த்தம் இல்ல மக்களே! அதுவும் ஜனவரியில இருந்து விழுந்துக்கிட்டிருக்கற பொட்டிக்கு அக்டோபர்ல காரணமா?

அந்தப் போனுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஊருக்குப் போயிட்டேன்.

போனதும் நான் பண்ணின காரியம் கடைக்காரர் பண்ணினதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை. கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னுது. டெஸ்டர் வச்சா பளிச்சுன்னு எரியுது. அந்த ப்ளக் பாயின்ட்ல எர்த் கனெக்‌ஷனே இல்லை. சரி, இதான் வில்லன்னு ஃப்ரிட்ஜ் இருக்கற ப்ளக்குக்கு மாத்தினேன். அதோட நிக்காம ஃபேன்ல இருந்த எட்டு வருஷத் தூசியைச் சுத்தம் பண்ணி, ப்ராசஸர் மேல புது பேஸ்ட் தடவி, டிஸ்ப்ளே டிரைவரையும் மாத்தி, எல்லாத்தையும் ஒரே நேரத்துல செஞ்சேன். ரெண்டு மணி நேரத்துல நீலம்! நல்ல வேளை விழுந்துது. விழாம இருந்திருந்தா எது சரி பண்ணிச்சுன்னு எனக்கே தெரியாது, ஊர் முழுக்க எர்த் மகாத்மியம் பாடிட்டு இருந்திருப்பேன்.

அப்பதான் அப்பா மெதுவா ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தார். "இது உதவுமான்னு பாருய்யா."

மக்களே, தாலுகா ஆபீஸ் ரெஜிஸ்டர் மாதிரி ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு நாலு காலம். தேதி, நேரம், செய்துகொண்டிருந்த வேலை, திரையில் கண்டது. மொத்தம் 43 பதிவு. திரையில் கண்டதை எல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கார். 'மெமரி மேனேஜ்மென்ட்' 11 தடவை. 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா' 9 தடவை. 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' 6 தடவை. பாக்கி 17-க்கு 'படிப்பதற்குள் மறைந்தது'. :-)

இதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு. ஏன்னு சொல்றேன். பொட்டி ஒவ்வொரு தடவையும் ஒரே கோடு காட்டி, ஒரே டிரைவர் பேரைச் சொல்லி விழுந்தா அந்த டிரைவரைப் பிடிச்சு உதைக்கணும். நீலம் எதுவும் வராம பட்டுன்னு அணைஞ்சா பவர் சப்ளையையும் சூட்டையும் பார்க்கணும். ஈவன்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41-னு பதிவாகி பக்செக் கோடு பூஜ்யம்னு இருக்கும். ஆனா பாட்டு கேட்கும்போது ஒரு கோடு, டைப் அடிக்கும்போது ஒரு கோடு, சும்மா இருக்கும்போது வேற கோடுன்னு வேளைக்கு ஒரு வேஷம் கட்டினா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ராமைத்தான். பெட்டிக்குள்ள யாரு எந்த வேலை பார்த்தாலும் அந்தப் பலகையிலதான் எழுதிப் படிக்கணும். பலகையில ஓட்டைன்னா யாரு வேணா விழுவான்.

அப்பா இதைத்தான் போன்லயும் சொல்லியிருக்கார். 'என்னமோ மெமரின்னு வருதுய்யா'ன்னு. நான் ஹார்ட் டிஸ்க்குல இடம் இல்லாம இருக்கும்னு நினைச்சு 'பழைய படத்தை எல்லாம் அழிங்கப்பா'ன்னு சொன்னவன்.

முதல் பக்கத்துல முதல் பதிவு: 19-1-2025. ஓரத்துல பென்சில்ல சின்னதா, 'ராம் மாட்டிய பிறகு?'

"ஏம்ப்பா இதைச் சொல்லலை?"ன்னேன்.

"நீ இன்ஜினியரு. நீ மாட்டுனதுல போயி எப்படிய்யா குறை சொல்ல?"

அதுக்கு மேல என்னத்தைப் பேச. மெம்டெஸ்ட்86 பிளஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. பென் டிரைவ்ல போட்டு பூட் பண்ணினா விண்டோஸே இல்லாம ராமை மட்டும் சோதிக்கும். ராத்திரி ஓட விட்டுட்டுப் படுத்தேன். தீபாவளி அன்னிக்கு எண்ணெய் தேய்க்க அம்மா நாலு மணிக்கு எழுப்பினப்போ திரை பூரா சிவப்பு. தலையில எண்ணெயோட உக்கார்ந்து ரெண்டு ராமையும் கழட்டி ஒவ்வொண்ணா மாட்டிச் சோதிச்சேன். பழைய 4 ஜிபி எந்த ஸ்லாட்ல போட்டாலும் பாஸ். நான் ஆசையா வாங்கிட்டு வந்த 8 ஜிபி எந்த ஸ்லாட்ல போட்டாலும் ஃபெயில். அதனால போர்டு மேல குத்தம் இல்லை. முறுக்கு தின்ன நேரம் போக சாயங்காலம் ஆயிடுச்சு, ஆனா தீர்ப்பு வந்துடுச்சு.

அப்படின்னா ஃபார்மட் அடிச்சதும் ஏன் கொஞ்ச நாள் நல்லா ஓடிச்சு? என் கணிப்பு இதுதான். புது விண்டோஸ்ல பெருசா ஒண்ணும் இருக்காது, ராம்ல பாதிக்கு மேல சும்மா கிடக்கும், கெட்டுப்போன மூலைக்குப் போக வேண்டிய அவசியம் அவ்வளவா வராது. போகப் போக ப்ரௌசர், போட்டோ, அப்டேட்னு கூட்டம் சேர்ந்ததும் அந்த மூலையில யாராவது கால் வைப்பான். 'ஃபார்மட் அடிச்சா சரியாகுது'ங்கற நம்பிக்கை இப்படி உருவாகறதுதான்னு நினைக்கறேன். மாத்திரை போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் விடுமே, அந்த மாதிரி.

இதுல நிஜமாவே பயப்பட வேண்டிய விஷயம் க்ராஷ் இல்லை. கெட்ட ராம் இருக்கற பொட்டியில நீங்க சேவ் பண்ற ஃபைலும் அந்த ராம் வழியாத்தான் டிஸ்க்குக்குப் போகுது. எங்கயாவது ஒரு எழுத்து மாறிப் போனா சத்தமே இல்லாம மாறிப் போகும். ஃபார்மட் அடிச்சு ஏத்தற புது விண்டோஸும் அதே ஓட்டை வழியா வர்றதுதான்! பேக்கப் எடுக்கறதா இருந்தாலும் டிஸ்க்கைக் கழட்டி வேற பொட்டியில மாட்டி எடுக்கறதுதான் உத்தமம். அப்பா பென் டிரைவ்ல எடுத்து வச்சது எல்லாத்தையும் தாத்தாவோட அசல் டைரியோட மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தோம். தப்பு எதுவும் கண்ணுல படலை. அது எங்க அதிர்ஷ்டம்.

'ராம் எல்லாம் கெட்டுப் போகுமா என்ன'ன்னு கேட்கறவங்களுக்கு: கூகுள் சர்வர்களை வச்சு 2009-ல வெளியான ஒரு ஆய்வுல வருஷத்துக்கு நூத்துல எட்டுக்கு மேற்பட்ட ராம்கள் ஒரு பிழையாவது காட்டினதாச் சொன்னாங்க. அந்த சர்வர்ல இருக்கறது தப்பைத் தானே கண்டுபிடிச்சுச் சொல்ற ஈசிசி ராம். நம்ம வீட்டுப் பொட்டியில பெரும்பாலும் அது கிடையாது. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே 2022-ல தன்னோட பொட்டியில ராம் கெட்டுப் போனதை முதல்ல புது கெர்னல் கோடுல வந்த பிழைன்னு நினைச்சு மண்டை காய்ஞ்சிருக்கார். அவருக்கே அந்தக் கதின்னா கடைக்காரரை நான் என்ன சொல்ல!

சாஃப்ட்வேர் மேல தப்பே இருக்காதுன்னு சொல்ல வரலை (சோறு போடற தொழில், அதோட லட்சணம் எனக்குத் தெரியும்). 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்ல உலகம் பூரா நீலம் பூத்துச்சே, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் பொட்டி. ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அதுக்கு மருந்து என்ன? சேஃப் மோட்ல போய் ஒரே ஒரு ஃபைலை அழிக்கணும். அவ்வளவு பெரிய ரணகளத்துக்கே, காரணம் தெரிஞ்சதும் ஒரு ஃபைல்தான். தெரியாம இருந்தாத்தான் மொத்தத்தையும் அழிக்கத் தோணும்.

கடைக்காரர் மேலயும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஃபார்மட்டுக்கு அஞ்சாறு நூறு ரூபா கிடைக்கும், ஒரு மணி நேர வேலை. ராத்திரி பூரா ராமைச் சோதிக்க யார் காசு கொடுப்பா? ஆனா ஒண்ணு, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர்ல ஒவ்வொரு க்ராஷுக்கும் ஒரு ஃபைல் சேர்ந்து கிடக்கும். ப்ளூஸ்க்ரீன்வியூ மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல திறந்து பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். ஃபார்மட் அடிச்சா முதல்ல போறது அந்தத் தடயம்தான். கொலை நடந்த வீட்டை பினாயில் போட்டுக் கழுவிட்டு கொலைகாரனைத் தேடற போலீஸை என்னன்னு சொல்வீங்க? ரெண்டு தடவை கழுவின பிறகும் எங்க வீட்டுல மிஞ்சின ஒரே தடயம் அந்த நோட்டுதான். பொட்டி முன்னாடி தினமும் உக்கார்ந்திருந்தவர் எழுதின சாட்சி. அவரைத்தான் யாரும் விசாரிக்கலை, நான் உட்பட.

ராமுக்கு வாரண்டி இருந்துது. அனுப்பி மூணு வாரத்துல வேற ஒண்ணு வந்துச்சு. இந்தத் தடவை மாட்டினதும் காலரைத் தூக்கலை, ராத்திரி பூரா மெம்டெஸ்ட் ஓட்டி, சிவப்பு எதுவும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் பஸ் ஏறினேன். டைரி ஃபோல்டர் இப்ப டி டிரைவ்ல ஒரு காப்பி, வெளி டிஸ்க்குல ஒரு காப்பி, என்கிட்ட ஒரு காப்பி.

நேத்து போன் பண்ணினேன். 1963 ஐப்பசி வந்தாச்சாம், அந்த வருஷம் மழை சுமார்தானாம். "பொட்டி எப்படிப்பா இருக்கு"ன்னு கேட்டேன். "நோட்டுல எழுத ஒண்ணும் இல்லய்யா, ஆனா பிரின்டர்தான் ஒரு மாதிரி சத்தம் போடுது"ன்னார்.

என்ன மாதிரி சத்தம், எப்ப இருந்து, என்ன அடிக்கும்போதுன்னு இருபது நிமிஷம் கேட்டேன்.