பார்த்தவர் கையில் மிஞ்சியவை

பி.பி.சி. 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் பத்தாண்டு அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று காணக் கிடைப்பதில்லை. ஒளிநாடா விலை கூடிய பொருளாக இருந்ததால் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிந்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட படச்சுருள்களிலும் பல குப்பைக்குப் போயின.

நிறுவனம் தொலைத்ததைப் பார்வையாளர்கள் காத்தார்கள். வீட்டு ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து அவர்கள் எடுத்த பதிவுகளால், காணாமற்போன எல்லா அத்தியாயங்களின் ஒலியும் தப்பியிருக்கிறது. ஜோன் கியூரா என்பவர் ஒளிபரப்பின்போதே திரையைப் படம்பிடித்து விற்றார். படமும் ஒலியும் சேர்ந்ததால் பல கதைகளை மீட்டமைக்க முடிந்தது. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் திரும்பி வந்தன.

திருகோணமலை மாவட்டத்தின் ஈச்சிலம்பற்றில் இருப்பவருக்கு இது வெறும் இங்கிலாந்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் 2004-இல் ஆழிப்பேரலையாகக் கடல் புகுந்து, 2006-இல் போர் ஊரையே பெயர்த்த மண் ஈச்சிலம்பற்று. இங்கே அழிந்த ஏடுகளுக்கும் படங்களுக்கும் கணக்கில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து அச்சு ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது. அச்சேறாதவற்றுக்கு நாம்தான் பொறுப்பு. கூத்து நடந்தால் அண்ணாவியார் யார், எந்த வேடம் யாருக்கு, என்ன தேதி என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். கைபேசியில் முழுதாகப் பதியுங்கள். இரண்டு பிரதிகளை வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அரசோ பல்கலைக்கழகமோ வந்து செய்யட்டும் என்று காத்திருப்பதும் ஒருவகை அழிப்புத்தான்.